கால்வாய்ப் படகில் குடித்தனம்: ஒரு நாள் எப்படிப் போகும்?

கேள்வி இது: "இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். வாடகை கட்டி மாளவில்லை. கால்வாய்களில் நீளமான, ஒல்லியான படகுகளில் ஆட்கள் குடியிருப்பதைப் பார்க்கிறேன். ஊர் ஊராகப் போய்க்கொண்டே எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள்? தண்ணீர், கரன்ட், கழிப்பறைக்கெல்லாம் என்ன வழி? எங்களுக்கு ஒத்துவருமா?"

நானும் மனைவியும் மத்திய இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு கால்வாய், கிராண்ட் யூனியன் கால்வாய்ப் பக்கம், 57 அடி நேரோபோட்டில் (நீங்கள் பார்த்த அந்த ஒல்லிப் படகின் பெயர் அதுதான்) இருக்கிறோம். கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வாடகையை மிச்சம் பிடிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் வேண்டாம். தண்ணீர், கரன்ட், சூடு, கழிவு இந்த நான்கும் வீட்டில் நம் கண்ணில் படாமலேயே வந்து போகின்றன. படகில் நான்கையும் நாமே சுமந்து, நாமே நிரப்பி, நாமே காலி செய்ய வேண்டும். ஒரு நாளின் பெரும்பகுதி இதைச் சுற்றித்தான் ஓடும். அந்த வேலை மனசுக்குப் பிடித்துவிட்டால் இதைப்போல நல்ல குடியிருப்பு வேறு கிடையாது. எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கே போவது, எப்போது கிளம்புவது என்பதை முடிவு செய்வதே அதுதான். எங்கள் டேங்க் சுமார் 500 லிட்டர். படகின் முன்பக்கத்தில், தரைக்கு அடியில் இருக்கிறது. சிக்கனமாகப் புழங்கினால் இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரும். குளிக்கும்போது உடம்பை நனைத்ததும் ஷவரை மூடிவிட்டுச் சோப்புப் போட வேண்டும். பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்து வைக்கிற பழக்கம் போயே போய்விடும். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எங்களுக்கு மீட்டர்கூடத் தேவையில்லை. தண்ணீர் குறையக் குறைய முன்பக்கம் மேலே எழும்பும். கரையில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். நிரப்புவதற்குக் கால்வாய் ஓரத்தில் ஆங்காங்கே குழாய்கள் உண்டு. சொந்த ஹோஸ் வைத்திருக்க வேண்டும். அழுத்தம் குறைவான குழாயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அந்த நேரத்தில் குப்பையைப் போடுவது, துணி துவைப்பது, பின்னால் காத்திருக்கும் படகுக்காரரோடு பேசுவது என்று பல வேலைகள் முடிந்துவிடும். பிடித்துக்கொண்டிருக்கும்போதே மெஷினில் துணி போட்டால் அந்தத் தண்ணீர் கணக்கில் வராது. எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்.

கழிப்பறையைப் பற்றிக் கேட்கத் தயங்குவார்கள், ஆனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். மூன்று வகை உண்டு. ஒன்று, பெரிய தொட்டியில் சேர்ந்து, மரீனாவில் (படகுகள் கட்டும் துறையில்) பணம் கொடுத்து உறிஞ்சி எடுக்கச் சொல்வது. இரண்டாவது கேசட்: சுமார் 20 லிட்டர் பிடிக்கும் பெட்டி. நிறைந்ததும் கையால் எடுத்துப் போய், அதற்கென்றே கட்டியிருக்கும் இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். மூன்றாவது, சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரித்து மக்கவைப்பது. அதற்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலமோ தோட்டமோ இருந்தால்தான் சரிவரும். எங்களிடம் இருப்பது கேசட். உபரியாக இரண்டு பெட்டி வைத்திருக்கிறோம். குளிர்காலத்தில் கால்வாய் உறைந்து ஒரு வாரம் நகர முடியாமல் போனால் அந்த உபரிப் பெட்டிகளின் அருமை தெரியும். அருவருப்பு முதல் மாதத்தோடு போய்விடும். அதன் பிறகு அதுவும் ஒரு வீட்டு வேலைதான்.

கரன்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாம் 12 வோல்ட். கூரையில் சோலார் பலகைகள் உண்டு. மே முதல் ஆகஸ்ட் வரை அவையே போதும். டிசம்பரில் சூரியன் தாழ்வாக வந்து எட்டு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். சோலார் இருந்தும் இல்லாத கணக்குதான். அப்போது படகு நகராத நாளிலும் எஞ்சினை இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப் பேட்டரியை ஏற்ற வேண்டும். கட்டியிருக்கும் இடத்தில் இரவு 8 மணிக்கு மேல், காலை 8 மணிக்கு முன் எஞ்சினை ஓட்டக் கூடாது என்பது விதி. 2,000 வாட் மின்கெட்டிலை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் மின்கெட்டில், ஹீட்டர், ஹேர் டிரையர் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. டீக்கு அடுப்பில் கெட்டில். சட்னி அரைப்பதையும் மாவு அரைப்பதையும் எஞ்சின் ஓடும் நேரத்துக்கு ஒதுக்கிக்கொள்வோம். சமையல் 13 கிலோ சிலிண்டரில். பிரஷர் குக்கர் இங்கே இரண்டு விதத்தில் உதவி: கேஸும் மிச்சம், ஆவியும் குறைவு. படகு இரும்பு, ஆவி முழுக்க ஜன்னல் சட்டத்தில் நீராகப் படிந்து, மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். சோற்றை மூடாமல் கொதிக்கவிட்டால் அன்று இரவே ஜன்னலில் தெரியும்.

சரி, படகு நகரும் நாளுக்கு வருகிறேன். காலையில் பெரும்பாலும் வாத்துகள்தான் எழுப்பும். தண்ணீர் மட்டத்தில் இரும்பில் ஒட்டியிருக்கும் பாசியை அவை கொத்தும்போது தலைமாட்டில் யாரோ விரலால் தட்டுவது போலக் கேட்கும். டீ குடித்ததும் பின்பக்கத் தரைப்பலகையைத் தூக்கி எஞ்சின் ஆயில், கூலன்ட் பார்க்க வேண்டும். புரொப்பல்லர் தண்டு உடற்பகுதியைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் தண்ணீர் கசியாமலிருக்க கிரீஸ் அடைத்திருக்கும். தினமும் அதன் திருகை லேசாக இறுகும்வரை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அப்புறம் அடியில் தேங்கிய தண்ணீரைப் பார்ப்பது. பத்து நிமிட வேலைதான்.

ஓட்டுவது பின்னால் நின்றபடி, வெயிலோ மழையோ. சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் முன்பக்கம் வலப்பக்கம் திரும்பும். படகு நடுப்பகுதியை அச்சாக வைத்துத் திரும்புவதால் பின்பக்கம் எதிர்த்திசையில் வெளியே வீசும். இதைக் கவனிக்காதவர்கள் பாலத்தில் உரசுவார்கள். பிரேக் கிடையாது. 15 டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பை ரிவர்ஸ் கியர் போட்டுத்தான் நிறுத்த வேண்டும், ரிவர்ஸில் சுக்கான் அவ்வளவாகப் பேச்சுக் கேட்காது. எதிரே படகு வந்தால் நாம் வலப்பக்கம் ஒதுங்குவோம், ரோட்டுக்கு நேர்மாறாக.

வேக வரம்பு மணிக்கு 4 மைல். நடைமுறையில் 3 மைல்தான், அதாவது நடைவேகம். புதிதாக வருகிறவர்கள் கால்வாய் மெதுவாகப் போகிறதே என்று ஆக்ஸிலரேட்டரைத் தள்ளுவார்கள். கால்வாயின் அடி தட்டையாக இல்லை. நடுவில் ஆழம், ஓரங்களில் சேறு. ஆழம் குறைந்த இடத்தில் வேகத்தைக் கூட்டினால் புரொப்பல்லர் அடியிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் கீழே அமுங்கி, படகு இன்னும் மெதுவாகத்தான் போகும். குறைத்தால்தான் எழும்பி ஓடும். கரையில் கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது இன்னும் குறைக்க வேண்டும். நாம் இழுத்துச் செல்லும் தண்ணீர் அவர்கள் படகையும் கூட இழுக்கும். ஈர மண்ணில் அடித்த இரும்பு முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும் வீட்டை யாரும் குலுக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன்.

இந்த வேகத்தில் போனால்தான் கால்வாய் எப்படி வெட்டப்பட்டது என்பது புரியும். ஆக்ஸ்போர்டு கால்வாயின் உச்சிப் பகுதி, அதாவது மிக உயரமான பகுதி, 11 மைல் நீளம், லாக்கே (படகை மேட்டில் ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) கிடையாது. அதன் இரண்டு முனைகளுக்கும் நேர்க்கோட்டில் 5 மைல்கூட இல்லை. பெரும்பாலும் மேட்டைக் குடையாமல், பள்ளத்துக்குக் கரை எழுப்பாமல், ஒரே உயரத்தில் நிலத்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். வோர்ம்லைட்டன் பக்கம் ஒரே பண்ணை வீட்டை இடப்பக்கமும் பார்ப்போம், கொஞ்ச நேரம் கழித்து வலப்பக்கமும் பார்ப்போம். பழைய பாலங்களின் மூலையில் இரும்புத் தகடு பதித்திருக்கும். அதில் விரல் நுழையும் ஆழத்துக்கு வரிவரியாகத் தேய்ந்திருக்கும். குதிரைகள் படகை இழுத்த காலத்தில், மண் ஒட்டிய கயிறு உராய்ந்து உராய்ந்து இரும்பை அறுத்த தடம் அது. நின்று தடவிப் பார்க்காமல் நான் போவதில்லை.

படகு ஏன் இவ்வளவு ஒல்லி என்பதற்கும் இங்கேதான் காரணம். 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி திட்டமிட்ட மத்திய இங்கிலாந்துக் கால்வாய்களில் லாக்குகளின் அகலம் 7 அடிதான். 1777-ல் முழுதாகத் திறந்த ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாயும் அதில் ஒன்று. அதற்குள் நுழைய வேண்டும் என்பதால் இன்றும் படகு 6 அடி 10 அங்குலம். உள்ளே புழங்க ஆறடிதான் கிடைக்கும். அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ரயில் பெட்டிக்குள் இருப்பதுபோல் வரிசையில் நிற்கும். ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் தாண்டிப் போக வேண்டுமென்றால் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். சரக்குப் படகுக் காலத்தில் முழுக் குடும்பமும் பின்னால் பத்தடி அறையில் வாழ்ந்திருக்கிறது. மீதி நீளம் முழுக்கக் கரிக்கும் சரக்குக்கும். 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்துபோனதோடு அந்தத் தொழில் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

லாக் என்பது படகை மேட்டில் ஏற்றவும் இறக்கவும் கட்டிய தொட்டி. இரண்டு முனையிலும் கதவு. ஏறும்போது தொட்டி காலியாக இருக்க வேண்டும். கீழ்க்கதவு வழியாக உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தி, மேல்முனையில் இருக்கும் மதகுகளை எல் வடிவக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித் தூக்குவோம். தண்ணீர் நிரம்பும், படகு ஏறும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றானதும், நீண்ட மரத்தடியில் இடுப்பைச் சாய்த்துத் தள்ளினால் கதவு மெல்ல வழிவிடும். ஓரிரு அங்குலம் வித்தியாசம் இருந்தாலும் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. அதனால் அவசரப்படுவதில் பலனே இல்லை. ஒருவர் கரையில், ஒருவர் படகில் என்றால் ஒரு லாக்குக்குக் கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். தனியாகப் போகிறவர்கள் கூரை நடுவில் கட்டிய கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிச் சமாளிக்கிறார்கள்.

உயிருக்கு ஆபத்தான இடமும் இதுதான். மேல்கதவுக்கு அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டு ஒரு கல் திட்டு இருக்கிறது. நிரம்பியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. இறங்கும்போது படகின் பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் குறையக் குறைய முன்பக்கம் மட்டும் கீழே போய், சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகு முழுக்க அதற்கு முன்னால் நிற்க வேண்டும். மாட்டிக்கொண்டால் கீழ்மதகுகளை உடனே மூடிவிட்டு, மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுப் படகைத் திரும்ப மிதக்கவைக்க வேண்டும். லாக்கில் இறங்கும்போது கயிற்றைக் கட்டிவைக்கவே கூடாது, கையைச் சுற்றிக்கொள்ளவும் கூடாது. பேச்சு, போன் எல்லாம் லாக்கைத் தாண்டிய பிறகு.

ஒரு ஒடுக்கமான லாக்கை ஒருமுறை பயன்படுத்தினால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே இறங்குகிறது. அதனால் எதிரே படகு வருவது தெரிந்தால், லாக் அவர்களுக்குச் சாதகமாக இருந்தால், காத்திருந்து அவர்களை முதலில் விடுவதுதான் மரியாதை. இது வெறும் உபசாரம் இல்லை. மழை பொய்த்த 2025 கோடையில் நீர்த்தேக்கங்கள் வற்றி, லீட்ஸ் லிவர்பூல், மாக்கிள்ஸ்ஃபீல்டு கால்வாய்களில் லாக்குகளையே மூட வேண்டிவந்தது.

பயணத்தைக் கணக்கிடும் வழி எளிது: மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். பத்து மைல், ஆறு லாக் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். வார்விக் அருகே ஹாட்டனில் 21 லாக்குகள் அடுத்தடுத்து, அரைநாள் போய்விடும். அங்கே அகலமான லாக்குகள் என்பதால் இரண்டு படகு ஒன்றாக நுழையலாம். முன்பின் தெரியாத ஒரு படகோடு ஜோடி சேர்ந்து ஏறி, உச்சிக்குப் போகும்போது அவர்கள் குடும்பக் கதை முழுவதும் நமக்குத் தெரிந்திருக்கும். சுரங்கங்களும் உண்டு. 1805-ல் திறந்த பிளிஸ்வொர்த் சுரங்கம் 2.8 கிலோமீட்டர், உள்ளே எதிர்ப்படகும் வரும். காற்றுக்காக மேலே வெட்டிய துளைகளிலிருந்து தண்ணீர் கொட்டும் என்பதால் கோடையிலும் மழைக்கோட்டு வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் கட்ட இடம் தேட ஆரம்பிப்போம். லாக் வாசல், வளைவு, படகு திருப்பும் அகன்ற இடம் இங்கெல்லாம் கட்டக் கூடாது. மரநிழலும் வேண்டாம், சோலாருக்கு வெயில் கிடைக்காது. முளையை அடித்ததும் அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியோ பாட்டிலோ மாட்டிவிடுவோம், இருட்டில் சைக்கிளில் வருகிறவர்கள் தடுக்கி விழாமலிருக்க. வழியில் புரொப்பல்லரில் ஏதாவது சுற்றியிருந்தால் அதை எடுக்கும் வேலையும் அப்போதுதான். எஞ்சினை அணைத்துச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பின்னாலிருக்கும் மூடியைத் திறந்து, முழங்கைவரை தண்ணீரில் விட்டு அறுக்க வேண்டும். பிளாஸ்டிக் பை, சைக்கிள் டியூப், ஒருதடவை முழுசாக ஒரு சேலை நீளத்துக்குத் திரைச்சீலை வந்தது. அந்த மூடியைச் சரியாக இறுக்காமல் எஞ்சினைப் போட்டால் தண்ணீர் பீறிட்டு உள்ளே வரும். அப்படி மூழ்கிய படகுகள் உண்டு.

குளிர்காலத்தில் வீட்டின் மையம் கரி அடுப்புதான். புகையில்லாக் கரி மூட்டையை எரிபொருள் படகுகள் வாசலுக்கே கொண்டுவந்து தருகின்றன, டீசலும் கேஸும்கூட. இரவில் சாம்பலைத் தட்டி, கரியை நிரப்பி, காற்றுத் துளையைக் குறைத்து வைத்தால் காலைவரை கனன்றுகொண்டிருக்கும். இட்லி மாவு அந்த அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில்தான் பொங்கும். கார்பன் மோனாக்சைடு (வாடையே இல்லாத நச்சு வாயு) விஷயத்தில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். அலாரம் 2019-லிருந்து கட்டாயம், ஆனால் குளிருக்குப் பயந்து காற்றோட்டத் துளைகளைத் துணியால் அடைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சட்டப்படி என்ன என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. நிரந்தரமாகக் கட்ட இடம் இல்லாத படகு, 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். ஆபீஸ் ஓரிடத்தில், குழந்தைக்குப் பள்ளிக்கூடம் ஓரிடத்தில் என்றால் இதுதான் பெரிய சிக்கல். லண்டனுக்குள் இடம் கிடைப்பதும் கஷ்டம், இன்னொரு படகின் பக்கத்தில் ஒட்டிக் கட்ட வேண்டியிருக்கும். டாக்டரிடம் பதிவு செய்ய நிலையான முகவரி தேவையில்லை. பேங்க், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் உறவினர் முகவரி ஒன்று இருந்தால் நல்லது.

செலவு: நம் அளவுப் படகுக்கு லைசென்ஸ் வருடத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல். நிரந்தர இடம் இல்லாதவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து கூடுதல் கட்டணமும் சேர்ந்திருக்கிறது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றி அடிப்பாகத்துக்குக் கருப்புப் பூச்சு, அப்புறம் இன்சூரன்ஸ், டீசல், கரி, கேஸ். சாதாரண வீட்டுக் கடன் இதற்குக் கிடைக்காது. விலையும் வீடுபோல ஏறாது.

அதனால் ஜூலையில் ஒரு வாரம் வாடகைப் படகில் போய்விட்டு முடிவெடுக்காதீர்கள். ஜூலையில் எல்லோருக்கும் பிடிக்கும். அக்டோபர் கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ எடுங்கள். அப்போது வாடகையும் குறைவு. தண்ணீர் பிடிப்பது, கேசட் கொட்டுவது, மழையில் லாக் திறப்பது மூன்றையும் இரண்டு பேரும் மாறி மாறிச் செய்து பாருங்கள். ஒருவருக்கு மட்டும் பிடித்து இன்னொருவர் சகித்துக்கொள்வது ஆறடி அகலத்தில் நடக்காது. அதன் பிறகும் வாங்கத் தோன்றினால், உள்ளே இருக்கும் மர வேலைப்பாட்டைப் பார்த்து மயங்காமல், படகுகளைப் பரிசோதிக்கும் சர்வேயரை வைத்துப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கச் சொல்லி அடித்தகட்டின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் 4 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால், இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிக்கக்கூடும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.